விரல் தூக்காத மாதம்

துளையிடும் கருவி இரண்டு அங்குலம் இறங்கியதும் நின்றுவிட்டது. மண் உறைந்து கல்லாகியிருந்தது. ஆர்டிஸ் கெட்டிலில் மீதமிருந்த வெந்நீரைத் துளைக்குள் ஊற்றினாள். ஆவி எழுந்து முகத்தில் பட்டது. மறுபடி அழுத்தினாள். நான்காவது தடவையில் குழி போதுமான ஆழத்துக்கு இறங்கியது. பலகையின் காலைச் செருகி, பூட்ஸால் சுற்றி மிதித்தாள். பலகையில் கறுப்புப் பெயின்டில் அவளே எழுதியிருந்தாள்: 'பத்திரம் வேண்டாம்.'

சரளைச் சாலையில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தச் சமவெளியில் வண்டி வருவது இரண்டு மைலுக்கு முன்பே தெரியும். யாருடையது என்பது ஒரு மைலில் தெரியும். நீல பிக்கப். ஜனெல் வைபோர்க்.

ஆர்டிஸ் நிமிர்ந்து நின்று கருவி பிடித்த கையை உயர்த்தினாள்.

வெல்னா ஊர்ப் பக்கத்தில் சாலையில் எதிர்ப்படுகிறவருக்கு முழுக்கையையும் ஆட்டுவதில்லை. ஸ்டியரிங்கின் மேலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அதே விரல்தான். போன வருடம் வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போன இரண்டு பேர், கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் ஒருவரையொருவர் கடந்தபோதுகூட விரலைத் தூக்கிவிட்டுத்தான் போனார்கள்.

பிக்கப் வேகம் குறைந்தது. ஜனெல் பலகையைப் படித்தாள். அவளுடைய பத்து விரல்களும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வண்டி போய்விட்டது.

ஆர்டிஸ் கையை இறக்கினாள். குளிரில் அது சற்று நேரம் அவளுடையதாகவே இல்லை.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்ட வந்தபோது முதல் நாள் முதல் ஆளாக ஏறியவள் ஜனெல். ஆறு வயது. இரண்டு கைகளிலும் இரண்டு வேறு நிறத்துக் கையுறைகள். இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள். புதிய பள்ளிக் கட்டடம் வேண்டும் என்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாயன்று வாக்கெடுப்பு. நிறைவேறினால் பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடத்தைக் கட்டும். கடனை இருபத்தைந்து வருடங்களுக்கு வீட்டு வரியிலும் நில வரியிலும் சேர்த்து வசூலிக்கும்.

ஊரில் வீடுகள் சிறியவை. வரி சொற்பம்தான் ஏறும். ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் நிலம் இருந்தது. நிலத்துக்கு மதிப்பு இருந்தது. மக்காச்சோளத்துக்குத்தான் இரண்டு வருடங்களாக விலை இல்லை.

ஆர்டிஸ் பொஸ்பிசிலுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தைத் தனியாகவே பயிரிட்டாள். போன வருட வரிக்கு மாடுகளை விற்றாள். பயிரிடும் நிலத்தை விட்டால் இனி விற்க மிஞ்சியிருப்பது 'வடக்குக் கால்' மட்டும்தான். சதுர மைலில் கால் பங்கு, நூற்றறுபது ஏக்கர். அதை வாங்க நான்கு பேர் காத்திருந்தார்கள். நான்கு பேருமே உழுதுவிடுவார்கள். யாரும் அதை மறைக்கவில்லை.

வடக்குக் காலை இதுவரை யாரும் உழுததில்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தா பொஹீமியாவிலிருந்து வந்து இறங்கியபோது அது குன்றாகவும் புல்லாகவும் இருந்தது. இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. சோம்பேறித்தனத்தால் அவர் அதை உழவில்லை என்று மாமா சொல்வார். அங்கே வந்து ஆடும் பறவைகளைப் பார்த்துவிட்டதால் உழவில்லை என்று அப்பா சொன்னார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

பள்ளியைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. வார இதழுக்கு அவள் எழுதிய கடிதம் ஆறு வரி. பள்ளி ஒழுகுகிறது, எனக்குத் தெரியும். கூரையை மாற்றுங்கள், கொதிகலனை மாற்றுங்கள், அதற்கு நானும் கொடுக்கிறேன். இரண்டாவது விளையாட்டரங்கம் இப்போது வேண்டாம். வாக்கு ஊரில் இருக்கிறது, வரி நிலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். பறவைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடிதம் வெளிவந்த வியாழக்கிழமையிலிருந்து விரல்கள் இறங்கின.

முதலில் அவள் அதைத் தற்செயல் என்று நினைத்தாள். குளிருக்குக் கையுறை போட்டிருப்பார்கள், வெயில் கண்ணில் அடித்திருக்கும். பிறகு தபால்காரர் விரல் தூக்காமல் போனார். கால்நடை மருத்துவர் போனார். எல்லோருமே அவள் ஓட்டும் நான்காம் எண் பேருந்தில் வளர்ந்தவர்கள். பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் காப்பியை ஊற்றிக்கொண்டே பின்னால் நின்றவனிடம் சொன்னான், அவள் காதில் விழும்படி:

"பிள்ளை குட்டி இல்லாதவங்களுக்கு ஸ்கூல் எதுக்கு?"

ஆர்டிஸ் திரும்பவில்லை. தன் கோப்பைக்கு மூடி போட்டாள். "முப்பத்தோரு வருஷமா உங்க எல்லார் பிள்ளைங்களும் என் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்காங்க, கெர்ட். நீயுந்தான் உக்காந்திருந்தே. ரெண்டு தடவை வாந்தி எடுத்தே. நான்தான் கழுவினேன்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கெர்டும் சிரித்தான். ஆனால் மறுநாள் சாலையில் அவன் விரலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

பேருந்தில் ஜனெலின் நடு மகள் ப்ரின்லி ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்காருவாள். எட்டு வயது.

"மிஸ் ஆர்டிஸ், உங்களுக்கு எங்க ஸ்கூலைப் பிடிக்காதா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. டிராவிஸ் சொன்னான்."

"போன வாரம் அக்காவோட ஷூவைப் போட்டுட்டு வந்தானே, அந்த டிராவிஸா?"

பின்னால் நான்கைந்து பேர் சிரித்தார்கள். டிராவிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ப்ரின்லி விடவில்லை. "லைப்ரரியில மூணு பக்கெட் வெச்சிருக்கோம். பச்சை பக்கெட் என்னோடது. நிறைஞ்சா நான்தான் கொட்டணும்."

"அடிக்கடி நிறையுதா?"

"பனி உருகுற அன்னைக்கு ரெண்டு தடவை."

ஆர்டிஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் அந்தப் பச்சை பக்கெட் மேஜையின் எதிர்ப்பக்கம் இருப்பது போலவே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று பள்ளி விளையாட்டரங்கில் மீன் வறுவல் விருந்து. சாப்பாடு முடிந்ததும் கேக் ஏலம். பணம் பள்ளி வாத்தியக் குழுவுக்குப் போகும். ஆர்டிஸ் எல்லா வருடமும் கசகசா கேக் கொண்டுபோவாள். இந்த வருடமும் கொண்டுபோனாள். போகாமலிருந்தால் அது இன்னொரு பலகை நட்டதாகிவிடும்.

ஏலம் விடுகிறவன் டுவேன் க்ராட்கி. ஆர்டிஸோடு படித்தவன். கேக்கையும் ஏலம் விடுவான், கன்றுகளையும் விடுவான், செத்துப்போனவர்களின் நிலத்தையும் விடுவான். மூன்றுக்கும் ஒரே குரல். அவன் கண்ணுக்கு விரல் தப்பாது. அதனால் ஏலம் நடக்கும்போது வெல்னாக்காரர்கள் மூக்கைச் சொறியக்கூட யோசிப்பார்கள்.

"ஆர்டிஸோட கசகசா கேக்! தெரியும்ல? போன வருஷம் நூத்திப்பத்து டாலருக்குப் போச்சு. இருபதுல ஆரம்பிக்கிறேன். இருபது யாரு?"

யாரும் இல்லை.

"இருபது. மூணு தட்டு மீனைத் தின்னுட்டு இருபது டாலர் இல்லேங்குறீங்களா?"

அரங்கு முழுவதும் உட்கார்ந்திருந்தது. முந்நூறு பேர் இருக்கும். நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. ஆர்டிஸ் மேஜைக்குப் பக்கத்தில், டுவேனுக்கு இடப்புறம், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தாள். தரையில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைப்பந்துக்கான கோடு. அதில் ஒரு இடத்தில் வண்ணம் தேய்ந்திருந்தது. டுவேனின் குரல் காதில் விழுவது நின்றுவிட்டது.

அவள் தலையைத் தூக்கியபோது எதிர்ப்பக்கப் படிவரிசையில் ஜனெல் உட்கார்ந்திருந்தாள். நேராக இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் முழங்காலின் மேலிருந்து உயர்ந்தது.

மூன்று வாரம். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் விரல். அவள் கை அவளைக் கேட்காமலே மேலே போனது. ஒரு விரல்.

"இருபத்தஞ்சு!" என்றான் டுவேன்.

ஜனெலின் புருவம் சுருங்கியது. விரல் மறுபடி உயர்ந்தது. ஆர்டிஸ் சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவையாகவும் விரலைத் தூக்கினாள், இன்னும் உயரமாக.

"முப்பத்தஞ்சு!"

ஜனெல் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை தூக்கினாள். ஆர்டிஸும் தூக்கினாள்.

"நாப்பத்தஞ்சு! ஆர்டிஸ், உன் அடுப்புல சுட்ட கேக் மேலேயே உனக்கு இவ்வளவு ஆசையா?"

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு ஒரு வரிசை. பிறகு அரங்கமே. கூரையில் தங்கியிருந்த ஒரு குருவி பயந்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறந்தது. ஆர்டிஸ் தன் விரலைப் பார்த்தாள். அது இன்னும் மேலே இருந்தது. மெல்ல இறக்கி, கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனெல் அதற்குமேல் கேட்கவில்லை. டுவேன் மேஜையைத் தட்டினான். தவறிப்போய்த் தூக்கினேன் என்று சொல்லலாம். வெல்னாவில் யாரும் சொன்னதில்லை. தூக்கிய விரல் தூக்கியதுதான். ஆர்டிஸ் நாற்பத்தைந்து டாலரைக் கொடுத்துவிட்டுத் தன் கேக்கைத் தானே எடுத்துக்கொண்டாள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஜனெல் பின்னாலேயே வந்தாள்.

"அந்தக் கேக்கு எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு அவ்வளவு பிடிவாதமா உங்களுக்கு?"

"நீ எனக்கு விரல் தூக்கினேன்னு நெனச்சேன்."

ஜனெல் பிக்கப்பின் கதவில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், தோள்கள் மட்டும் குலுங்க. சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்தாள்.

"நான் கேக்குக்குக் கேட்டேன், ஆர்டிஸ். யாருமே கேக்கலை. பாத்துட்டு உக்காந்திருக்க முடியலை."

"தெரியும். இப்பத்தான் தெரியும்."

"நான் பத்திரம் வேணும்னுதான் ஓட்டுப் போடப்போறேன். அதுல மாத்தமில்ல."

"மாத்தச் சொன்னேனா?"

"குன்றுமேல ஆடுற அந்தக் கோழிங்களைப் பத்தி ஏன் எழுதலை நீங்க? எழுதியிருந்தா பாதிப் பேரு..."

"அதுங்க வாக்குச்சீட்டுல இல்லையே."

ஆர்டிஸ் கேக்கை நீட்டினாள். ஜனெல் தலையசைத்து மறுத்தாள். வாங்கியது வாங்கியதுதான். திங்களன்று பேருந்தில் இருபத்திரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள் ஆர்டிஸ். டிராவிஸ் இரண்டு துண்டு தின்றான்.

மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அந்த வாரம் மட்டும் பேருந்து போகும் நேரமும் விடியும் நேரமும் ஒன்றாகிவிடும். வடக்குக் காலின் குன்றுக்குப் பேருந்து வரும்போது வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். முதல் வருடமே ஆர்டிஸ் அதைக் கவனித்தாள். அன்றிலிருந்து அந்த வாரத்துத் திங்கட்கிழமை பேருந்தைக் குன்றின்மேல் நிறுத்துவாள். இன்ஜினை அணைப்பாள். ஜன்னல்களை இறக்கச் சொல்லுவாள். ஐந்து நிமிடம். பேசக்கூடாது. வேறு சட்டம் எதுவும் இல்லை. முப்பத்தொரு வருடங்களில் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. கெர்ட்கூட அன்றைக்கு வாந்தி எடுத்ததில்லை.

இந்தத் திங்களன்று பனிமழை பெய்தது. ஆர்டிஸ் நிறுத்தவில்லை. திங்கள் இல்லையென்றால் செவ்வாய். அது எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்தான் வாக்கெடுப்பு.

பேருந்து குன்றில் ஏறும்போது வானத்தின் அடியில் ஒரு வெளிறிய கோடு மட்டும் இருந்தது. குன்றின் உச்சிக்கு வந்ததும் அவள் பிரேக்கை மிதித்தாள். வேலியோரம் வரிசையாக இருட்டு உருவங்கள். விபத்து என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வடிவங்கள் பிடிபட்டன. வண்டிகள். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு பக்கமாக ஒதுங்கி, விளக்கில்லாமல், இன்ஜின் இல்லாமல். முதலில் நின்றது நீல பிக்கப். அதற்குப் பின்னால் கால்நடை மருத்துவரின் வண்டி. தபால் வண்டி. கெர்டின் துருப்பிடித்த லாரி. அவள் எண்ணினாள். பதினேழு. அந்தக் குளிரில் பதினேழு வண்டிகளிலும் ஜன்னல்கள் இறக்கப்பட்டிருந்தன.

எல்லோரும் ஒரு காலத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

அவள் பேருந்தைக் கடைசியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் ஜன்னல்களை இறக்கினார்கள்.

சத்தம் முதலில் வந்தது. காலிப் பாட்டிலின் வாயில் மெல்ல ஊதுவது போல ஒன்று. பிறகு இரண்டு. பிறகு குன்று முழுவதும் அந்தச் சத்தமாகிவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. தரையிலிருந்து வருவது போலவும் இருக்கும், தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது போலவும் இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் ஏறியதும் அவை தெரிந்தன. புல்வெளிக் கோழிகள். முப்பது, நாற்பது சேவல்கள். கழுத்தின் இருபுறமும் ஆரஞ்சுப் பழம் போலத் தோல் உப்பியது. தலைமேல் இறகுகள் கொம்பாக நின்றன. தலையைத் தாழ்த்தி, வாலை விரித்து, கால்களால் தரையை அடித்தன. அந்தக் கால் அடிக்கும் வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒன்றின் எதிரே ஒன்று பாய்ந்து, குதித்து, சட்டென்று நின்று, மறுபடி ஊதின. பெட்டைகள் எதையும் பார்க்காதவை போல நடுவில் நடந்தன.

இந்த மண்ணில் மனிதன் கால் வைப்பதற்கு முன்பும் இதே குன்றின்மேல் இதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவை. வேறு இடத்துக்குப் போகத் தெரியாது. இடம் போனால் வருவதை நிறுத்திவிடும். ஆர்டிஸ் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவையைப் போலவே இருக்கும். இன்று பறவைகளைப் பார்க்கவும் முடியவில்லை, வண்டிகளை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. திறந்த ஜன்னல்களில் வளர்ந்த முகங்கள். ஐந்து நிமிடம் பேசாமலிருக்க ஆறு வயதில் கற்றுக்கொண்ட முகங்கள். கெர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். கால்நடை மருத்துவரின் மூச்சு ஆவியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய சமவெளியில் அவ்வளவு பேர் இருந்தும் பறவைகளின் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. அவள் சாவியைத் தொடவில்லை. ஒன்பது நிமிடம் ஆனது. முப்பத்தொரு வருடங்களில் நான்காம் எண் பேருந்து முதல் தடவையாகத் தாமதமானது.

அடக்கத்துக்கு முந்தைய நாள் சவப்பெட்டியருகே நிற்க வருகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களும் வண்டிகளை இப்படித்தான் வரிசையாக, ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்துவார்கள். யார் எப்படி வாக்களிக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அவர்கள் பத்திரம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அப்படியும் வந்திருந்தார்கள்.

நீல பிக்கப் முதலில் கிளம்பியது. சாலையில் திரும்பி, பேருந்தின் பக்கமாக வந்தது. ஸ்டியரிங்கின் மேலிருந்து ஜனெலின் விரல் உயர்ந்தது. ஆர்டிஸ் ஒரு கணம் தயங்கினாள். இங்கே ஏலம் விட யாரும் இல்லை. அவளும் தூக்கினாள். அடுத்து கால்நடை மருத்துவர். அடுத்து தபால் வண்டி. கெர்ட். பதினேழு வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கடந்தன. பதினேழு விரல்கள். அவள் பதினேழு தடவையும் தூக்கினாள். கடைசியில் கை வலித்தது.

"மிஸ் ஆர்டிஸ்," என்றாள் ப்ரின்லி, மெதுவாக. "இப்பப் பேசலாமா?"

"பேசலாம்."

ஆனால் பள்ளி வரும்வரை யாரும் பேசவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, வாக்குச்சாவடியாக இருந்த தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள் ஆர்டிஸ். சீட்டை வாங்கி, வேண்டாம் என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினாள். ஓரம் விடாமல், அவசரமில்லாமல் நிரப்பினாள்.

மறுநாள் புதன்கிழமை. பத்திரம் எழுபத்துமூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியிருந்தது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. ஆர்டிஸ் ஆறரைக்குப் பேருந்தை எடுத்தாள். பிள்ளைகள் இருபது பேர். இரண்டு பேருக்குக் காய்ச்சல். குன்றின்மேல் நிறுத்தவில்லை. வழியில் எதிரே ஆறு வண்டிகள் வந்தன. ஆறு பேரும் விரல் தூக்கினார்கள். பனி உருகத் தொடங்கியிருந்ததால் ப்ரின்லி நேராக நூலகத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லி முதலில் இறங்கினாள். பத்து மணிக்கு ஆர்டிஸ் சாலையோரம் போய்ப் பலகையைப் பிடித்து இழுத்தாள். மண் இளகியிருந்தது. ஒரு கையிலேயே வந்துவிட்டது. கொட்டகையில் சாத்திவைத்தாள். டுவேன் க்ராட்கிக்குப் போன் செய்தாள். ஏலத்துக்கு முன் வடக்குக் காலைப் பார்க்க வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னான். மூன்று மணிக்குத் தான் பேருந்து எடுக்க வேண்டும் என்றாள். அதற்குள் முடிந்துவிடும் என்றான்.